கட்டாக் சம்பந்தியும் ஒரு சட்டிப் பழைய சோறும்

தாம்பரத்துக்குக் குடிவந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் நான் கதவைச் சாத்திக்கொண்டுதான் பழைய சோறு சாப்பிடுகிறேன். வாசல் கதவு, சமையலறைக் கதவு, அடுப்புக்கு மேலே இருக்கிற சன்னல் எல்லாவற்றையும் சாத்துவேன். பழைய சோற்றுக்கா இத்தனை பந்தோபஸ்து என்று மானாமதுரைப் பக்கம் இருந்து படிக்கிறவர்கள் கேட்பீர்கள். உங்களுக்கு என்ன, கேட்பீர்கள். இங்கே மாடம்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. எதிர்வீட்டு வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில் இரண்டு ஜோடிச் செருப்பு வைக்கத்தான் இடம். வந்த புதிதில் ஒருநாள் நான் கூடத்தில் உட்கார்ந்து தட்டில் கையை விட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் உள்ளே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவர், நல்ல மனுஷி. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். மறுநாள் காலையில் ஒரு தூக்கு நிறைய எலுமிச்சை சாதம் கொண்டுவந்து கொடுத்து, "வீட்ல ஏதாவது கஷ்டம்னா கூச்சப்படாம சொல்லணும், முத்துலட்சுமி" என்றார். அன்றைக்குச் சாத்திய கதவுதான். இப்போது அதே டீச்சர் கேம்ப் ரோட்டில் ஒரு ஓட்டலிலிருந்து மண்சட்டியில் பழைய சோறு வரவழைத்து, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார், உடம்புக்கு ரொம்ப நல்லதாம் என்று. அந்தச் சட்டி நான் பிறந்த மானாமதுரையில் வனைந்த சட்டி. எனக்கு வந்த எரிச்சலை எழுதினால் பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிடுவார்கள்.

சோற்றோடு போயிற்றா என்றால் இல்லை. குலவையும் போயிற்று. கல்யாணமாகி இங்கே வந்த முதல் மாதம், என் வீட்டுக்காரர் சண்முகத்தோடு வேலை பார்க்கிறவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். பால் பொங்கி வழிந்தது. எங்கள் பக்கத்தில் பால் பொங்கினால் யாராவது ஒரு பொம்பளை நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பொங்கினதாகவே கணக்கில்லை. சுற்றிலும் பார்த்தேன், எல்லாரும் சும்மா நிற்கிறார்கள். புதுப்பெண் நானே போடட்டும் என்று காத்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்து, அடிவயிற்றிலிருந்து ஒன்று போட்டேன். வீட்டுக்காரம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு மனுஷர் இடுப்பில் துண்டோடு ஓடிவந்து, "இன்னாம்மா, இன்னா ஆச்சி? யாருக்கு இன்னா?" என்று கேட்டார். தெருவில் போன ஆட்டோ நின்று, ஆஸ்பத்திரிக்குப் போவணுமா என்று விசாரித்தது. திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அப்புறம், "முத்து, இனிமே அது வேணாம். இது தாம்பரம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நாங்கள் முப்பது வருஷம் குடும்பம் நடத்தினோம்.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் பனியைப் பற்றியும் விசாவைப் பற்றியும் எழுதுகிறார்கள். மானாமதுரையிலிருந்து தாம்பரத்துக்கு ஒரே ரயில், ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். மொழியும் அதே மொழி. அதுதான் சங்கடமே. நான் வேற்றூர்க்காரி என்று என் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருந்தால் ஜனங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பார்கள். இங்கே எழுதி ஒட்டவில்லை. ஆகவே 'வந்துருக்காக', 'போயிருக்காக' என்று வாயில் வந்ததை விழுங்கி, 'வந்திருக்காங்க' என்று துப்ப வேண்டியிருந்தது. இதெல்லாம் பெரிய துக்கம் என்று சொல்லவில்லை. பழகிவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் என் மகள் கயல்விழி ஒரு ஒடியாக்காரப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பையன் பெயர் ரஞ்சன். ஊர் கட்டாக். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கயல் கணக்குப் பார்க்கிற அதே கம்பெனியில் இன்ஜினியர். தமிழை அவன் புத்தகத்தில் படிக்கவில்லை. கடைசல் மெஷின் ஓட்டுகிறவர்களிடமும் டீக்கடையிலும் படித்தான். முதல்முதலாக வீட்டுக்கு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கம் அத்தே. வூட்ல அல்லாரும் நல்லா கீறீங்களா?" என்றான். நான் முப்பது வருஷமாக முக்கி முக்கிப் பிடிக்க முடியாத மெட்ராஸ் தமிழ் அவனுக்கு மூன்றே வருஷத்தில் வந்திருக்கிறது. அந்தப் பொறாமையையும் மீறி எனக்குப் பிடித்துப்போயிற்று. மானாமதுரையில் இருக்கிற என் அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஏத்தா, எம் மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில எங்கயோ இருக்கிற ஹிந்திக்காரனுக்கா?" என்று போனில் குதித்தார். தாய்மாமன் மகனைக் கட்டுவது என்றால் ரஞ்சன் ஊரில் கூடப்பிறந்தவனைக் கட்டுகிற மாதிரி என்று நான் சொன்னேன். அண்ணன் போனை வைத்துவிட்டார்.

ஆனால் விஷயம் அண்ணன் கையில் இல்லை. ரஞ்சனுடைய அம்மா மினதி கையில் இருந்தது. அப்பா பிஜய் பாபு, அவள் சொன்னால் சரி என்று முதலிலேயே கைகழுவிவிட்டார். மினதி அம்மாவோ, நேரில் வந்து வீட்டையும் மனுஷர்களையும் பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கயலும் பிடிவாதக்காரி. "ரெண்டு அம்மாவும் முழு மனசா சரின்னு சொல்லணும்மா. இல்லன்னா வேணாம். ஓடிப்போய்க் கட்டிக்கிறதெல்லாம் எனக்கு ஆகாது" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். அன்றைக்கே அவள் சாப்பாடு பாதியானதை நான் கவனித்தேன். கத்திரி வெயிலில், ஒரு வியாழக்கிழமை காலையில் வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலுக்குத் திரும்புவதாக அவர்கள் திட்டம். அந்த நாலு நாளில் அந்த அம்மா வாயிலிருந்து ஒரு 'சரி' வர வேண்டும்.

நாங்கள் செய்த ஏற்பாடுகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்களுக்கு விந்திய மலைக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஒரே ஊர். ஆகவே சப்பாத்தி, பனீர், புலாவ், ராஜ்மா. என் வீட்டுக்காரர் போனைப் பார்த்து ஹிந்தி படித்தார். குளியலறையிலிருந்து 'ஆயியே, பைட்டியே' என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். கயல் எனக்குத் தனியாக ஒரு உத்தரவு போட்டாள். "அம்மா, மீன், கருவாடு வாசனையே இருக்கக் கூடாது. அவங்க ஜகந்நாதர் பக்தர்கள்." ரஞ்சன் பிரியாணிக் கடையில் இரண்டு பிளேட் சாப்பிடுகிறவன் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெளியூரில் தனியாக இருக்கிற பையன் தின்பதை வைத்து அவன் வீட்டை எடைபோடக் கூடாதில்லையா. அங்கே கட்டாக்கில் ரஞ்சனும் இதே மாதிரி, தமிழர்கள் கோயில் குளம் என்று இருக்கிறவர்கள், மீன் பேச்சையே எடுக்காதீர்கள் என்று தன் அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. பிள்ளைகள் இரண்டும் தங்கள் தங்கள் அம்மாவைக் கௌரவமானவளாகக் காட்டப் பாடுபட்டிருக்கின்றன.

வியாழக்கிழமை வந்து இறங்கினார்கள். மினதி அம்மா குள்ளமாக, கெட்டியாக, நெற்றியில் பெரிய குங்குமத்தோடு, எங்கள் மானாமதுரைச் சந்தையில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி இருந்தார். என் வீட்டுக்காரர் 'ஆயியே' என்றார். அந்த அம்மா திகைத்துப்போய் மகனைப் பார்த்தார். அவருக்கும் ஹிந்தி எங்களுக்கு வருகிற அளவுதான் வரும் என்று அப்போது எங்களுக்கு எங்கே தெரியும். பயண அலுப்புக்கு ஒரு ஆம்லெட் போடட்டுமா என்று கயலிடம் சொல்லி ரஞ்சனைக் கேட்கவைத்தேன், ஆழம் பார்ப்பதற்குத்தான். அந்த அம்மா இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். வியாழக்கிழமை லட்சுமிக்கு உகந்த நாள், அன்றைக்கு அவர்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. ரஞ்சன் அதை மொழிபெயர்க்கும்போது கிழமையை விட்டுவிட்டு, "அதெல்லாம் தொட மாட்டாங்க அத்தே" என்று முடித்தான். வெள்ளிக்கிழமை எனக்கு ஆகாது, எங்கள் வீட்டில் விளக்கு நாள். சனிக்கிழமை பெருமாள் நாள். அவர்கள் கிழமையும் எங்கள் கிழமையும் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டதில், மீனுக்காக உயிரை விடுகிற இரண்டு குடும்பங்கள் மூன்று நாள் எதிரெதிரே உட்கார்ந்து பனீரை மென்றுகொண்டிருந்தோம். என்ன பக்தி பார் என்று அவர்கள் எங்களைப் பற்றி நினைத்தார்கள். நாங்களும் அப்படியே.

சனிக்கிழமை திருநீர்மலைக்குக் கூட்டிப்போனோம். வெயில் ஏறுமுன் படியேறிவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே புளியோதரை கிளறிக் கட்டிக்கொண்டேன். மேலே ரங்கநாதர் படுத்துக்கொண்டிருப்பதை மினதி அம்மா ரொம்ப நேரம் கவலையோடு பார்த்துவிட்டு மகன் காதில் என்னமோ கேட்டார். ரஞ்சன் என்னிடம், "அத்தே, சாமி ஏன் படுத்துகினு கீறாரு, ஒடம்பு சரியில்லியான்னு கேக்குறாங்க" என்றான். நான் முழித்தேன். அவர்கள் ஊர் ஜகந்நாதருக்கு வருஷா வருஷம் தேருக்கு முன்னால் ஒரு பெரிய குளியல் நடக்குமாம், குளித்ததும் சாமிக்கு ஜுரம் வந்துவிடுமாம், கதவைச் சாத்திப் படுக்கவைத்துக் கஷாயம் கொடுப்பார்களாம். எனக்கு வாய் துறுதுறுத்தது. எங்கள் பக்கத்து அழகர் தங்கச்சி கல்யாணத்துக்குப் புறப்பட்டு, நேரத்துக்கு வராமல், நம்மை விட்டுவிட்டுத் தாலி கட்டிவிட்டார்களா என்று கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிப் போகிற கதையைச் சொல்லி, நம் இரண்டு ஊர்ச் சாமியும் நம்மை மாதிரிதான் பாருங்கள் என்று சொல்ல ஆசை. ஆனால் சம்பந்தம் பேச வந்த இடத்தில் சாமியைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று ஆகிவிட்டால்? பேசாமல் குங்குமத்தை நீட்டினேன். படியிறங்கி நிழலில் உட்கார்ந்தபோது புளியோதரையை மட்டும் அந்த அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மலை ஏறிய பசி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பழையபடி சப்பாத்தி. அந்த அம்மா அரைச் சப்பாத்தியோடு தட்டை நகர்த்திவிட்டு, என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. ஒருத்திக்கு நம் வீடு பிடித்திருந்தால் உப்பில்லை என்பாள், உறைக்கிறது என்பாள். ஒன்றுமே சொல்லாமல் சிரிக்கிறாள் என்றால், அவள் மனசுக்குள் ரயில் ஏறியாயிற்று என்று அர்த்தம். கயலும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது. மொட்டை மாடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, "விடும்மா, எல்லாமா நடந்துரும்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி ஆரம்பித்து, துணியில் மூஞ்சியை மூடிக்கொண்டாள். நான் பெற்ற பெண் அழுகிறாள், எனக்கு அந்த அம்மாவிடம் போய் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரயிலுக்கு ஸ்வீட்டும் சேலையும் வாங்கவென்று என் வீட்டுக்காரர், பிஜய் பாபு, பிள்ளைகள் எல்லாரும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். மினதி அம்மா உள்ளறையில் படுத்திருந்தார். வெயில் கொதிக்கிறது. நாலு நாளாகச் சப்பாத்தி தின்று எனக்கு உயிரே போயிற்று. சம்பந்தம்தான் போயிற்று, வாயும் வயிறுமாவது பிழைக்கட்டும் என்று சமையலறைக் கதவைச் சாத்தினேன். புளியோதரைக்கு வடித்த சோற்றில் மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சட்டியோடு ஒளித்து வைத்திருந்தேன். அங்கேயேதான் டப்பாவில் நெத்திலிக் கருவாடும். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சாமியும் குறுக்கே வராது. சன்னலையும் சாத்திவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, கருவாட்டை எண்ணெயில் போட்டேன். அந்த ஃபேன் காற்றைத் தள்ளுகிற இடம் எங்கள் பால்கனி. அந்த அம்மா படுக்கவில்லை, புழுக்கம் தாங்காமல் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

கதவு திறந்தது. நான் தரையில் சம்மணம் போட்டு, சட்டியில் கையை விட்டு, வாயில் ஒரு நெத்திலித் தலையோடு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஜகந்நாதர் பக்தை. "கேட்... கேட்டுக்கு... மியாவ்" என்று சொல்லி, பூனைக்கு வைத்த சோறு என்பதாகத் தரையைக் காட்டினேன். நான் காட்டிய இடத்தில் அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். சட்டியை எட்டிப் பார்த்தார். "பகாளா" என்றார். கருவாட்டைத் தொட்டு, "சுகுவா" என்றார். அப்புறம் என் சட்டிக்குள்ளேயே கையை விட்டு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, ஒரு நெத்திலியைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டார். நாலு நாளாக எங்கள் வீட்டில் இல்லாத ஒரு மனுஷி அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

இரண்டு கவளம் போனதும் விருட்டென்று எழுந்து உள்ளறைக்கு ஓடினார். வரும்போது கையில் ஒரு பொட்டலம். பாலிதீன் பைக்குள் பை, அதற்குள் பேப்பர், அதற்குள் கட்டாக் கருவாடு. மகன் ஆசைப்பட்டான் என்று கொண்டுவந்து, தமிழ் பக்தர்கள் மூக்குக்கு எட்டாமல் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார். கூடவே ஒரு குட்டி பாட்டிலில் கடுகெண்ணெய், உளுந்தில் கிள்ளிக் காயவைத்த வடகம். எங்கள் கருவாடு சிலிண்டருக்குப் பின்னால், அவர்கள் கருவாடு சேலைக்கு அடியில். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அந்த அம்மா என் தலையில் தட்டினார்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் அழகாக இருக்கும். இரு மாநிலம், ஒரே சோறு, கண்ணீர், சுபம். ஆனால் நடந்தது அதுவல்ல. அடுத்த நிமிஷமே சண்டை ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மா என்னைக் கேட்காமல் பிரிஜ்ஜைத் திறந்து, இருந்த தயிர் முழுவதையும் சட்டியில் கொட்டினார். நான் பதறினேன். பால்கனிக்குப் போய் என் தொட்டியில் இருந்த எலுமிச்சைச் செடியில் நாலு இலையைப் பறித்து, கிழித்துச் சோற்றில் போட்டார். அந்தச் செடியை நான் பிள்ளை மாதிரி வளர்க்கிறேன். நான் சோற்றைக் கரைத்துப் பிசைந்தால் கையைப் பிடித்துத் தடுக்கிறார். சோறு பருக்கை பருக்கையாகத் தண்ணீரில் நிற்க வேண்டுமாம். சின்ன வெங்காயத்தை உரித்துக் கொடுத்தால் மூக்கைச் சுளித்துவிட்டு, பெரிய வெங்காயத்தை வட்டம் வட்டமாக நறுக்குகிறார். பழைய சோற்றுக்குப் பெரிய வெங்காயமா? நான் தமிழில் கத்தினேன், அந்த அம்மா ஒடியாவில் கத்தினார், ஒரு வார்த்தை புரியாமல் ஒவ்வொரு வார்த்தைக்கும் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டோம். நடுநடுவே சாப்பிட்டோம்.

மார்க்கெட் போனவர்கள் திரும்பி வந்தபோது வாசல்வரைக்கும் கருவாட்டு வாசனை, உள்ளே இரண்டு பொம்பளைகள் தரையில் உட்கார்ந்து சத்தம். கயல் ஸ்வீட் பெட்டியோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். "போச்சு" என்றாள். ரஞ்சன்தான் நடுவில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அத்தே, அம்மா இன்னா சொல்றாங்கன்னா, சோத்த பெசையாதீங்கோன்றாங்க. பெசைஞ்சா கூழாப்பூடுமாம்."

"பிசையாமத் தின்னா அது எப்படி வயித்துல ஒட்டும்னு கேளு. தயிரை இப்படிக் கொட்டுனா நீச்சத்தண்ணி ருசி எங்க நிக்கும்னும் கேளு."

அவன் கேட்டான். அந்த அம்மா மூச்சுவிடாமல் நீளமாக என்னமோ சொன்னார், சொல்லும்போதே விரலால் என்னைக் குத்திக் குத்திக் காட்டினார். ரஞ்சன் தலையைச் சொறிந்தான். கயல் அழுகிற குரலில், "என்ன சொன்னாங்க? முழுசா சொல்லு" என்றாள்.

"கல்யாணத்துக்கு மறுநாள் காலைல ரெண்டு சைடு ஜனத்துக்கும் அம்மாதான் பகாளா செய்வாங்களாம். உங்கம்மா கைல மட்டும் வுட மாட்டாங்களாம்."

எனக்கு வந்ததே கோபம். "அதெப்படி? பொண்ணு வீட்டுக் கல்யாணம். அடுப்பு எங்க கையில. பழைய சோறு நான்தான் ஆக்குவேன். உங்கம்மாவ மாப்பிள்ளைக்கு அம்மாவா லட்சணமா வந்து உக்காரச் சொல்லு" என்றேன். அவன் மொழிபெயர்த்தான். அந்த அம்மா முடியவே முடியாது என்று தரையில் அடித்தார். நான் பதிலுக்குச் சட்டியில் தட்டினேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றுகொண்டு, பையைக் கீழே வைக்காமலே, "என்ன கல்யாணம்?" என்று கேட்டார்.

மினதி அம்மா தன் கையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், சுவரோரம் நின்ற கயலைப் பார்த்தார். கையில் ஒட்டிய பருக்கையோடேயே அவளைக் கையசைத்துக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கவளம் எடுத்து வாயில் ஊட்டினார். பருக்கை பருக்கையாக இருந்தது. பிசைந்து கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதை நான் அப்புறம் ரொம்ப நாள் யோசித்தேன். நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று நினைத்திருந்தவரை எத்தனை மரியாதை, எத்தனை சிரிப்பு. ஒன்றுதான் என்று தெரிந்ததும் அடிதடி. ஆனால் மரியாதை இருந்த நாலு நாளும் என் பெண் அழுதாள். சண்டை வந்த அரை மணி நேரத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ராஜ்மாவில் உப்பு குறைந்தால் எனக்கென்ன, யார் வீட்டுச் சாப்பாடோ. பழைய சோற்றை ஒருத்தி வேறு மாதிரி செய்தால் தாங்க முடியாது, ஏனென்றால் அது நம்முடையது. முப்பது வருஷமாக இந்தக் குடியிருப்பில் நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. நல்ல பெண்மணி என்று எனக்குப் பெயர். அன்றைக்கு மத்தியானம் தொண்டை வலிக்கக் கத்தி முடித்தபோதுதான், இத்தனை வருஷம் நான் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

ஆவணியில் மேற்குத் தாம்பரத்தில் மண்டபம் பிடித்தோம். மானாமதுரையிலிருந்து ஒரு பஸ், கட்டாக்கிலிருந்து ஒரு ரயில் பெட்டிக் கூட்டம். அண்ணன் ஹிந்திக்காரன் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று கடைசிவரை முறுக்கிக்கொண்டு, முதல் ஆளாக வந்து, தாய்மாமன் சீர்த்தட்டை எங்கே வைப்பது என்று முறைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ரஞ்சனுடைய தாய்மாமன், அவரும் புதுத்துணித் தட்டோடு, தன்னை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஒரு தூணில் சாய்ந்து முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். தாய்மாமன் என்றால் கல்யாணத்தில் கோபித்துக்கொள்ள வேண்டும் என்பது மகாநதிக்கரையிலும் சட்டம் போலிருக்கிறது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வெற்றிலையை மாற்றிக்கொண்டு, பேசாமல் சேர்ந்து கோபித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அண்ணன் 'ஹிந்திக்காரன்' என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

நான் ஊர் ஜனத்துக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருந்தேன். "குலவை கிலவை போட்ராதீக. கம்பெனி ஆளுக, டீச்சர் எல்லாம் வந்துருக்காக. இது தாம்பரம்." சரி சரி என்றார்கள். ரஞ்சனும் தன் அத்தைமார் சித்திமாரிடம் இதையே சொல்லியிருக்கிறான், தமிழர் கல்யாணம் அமைதியாக நடக்கும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்று. பிள்ளைக்குப் புத்தி வரவே இல்லை. முகூர்த்த நேரம். கெட்டிமேளம் கொட்டியது. ரஞ்சன் தாலியைக் கையில் எடுத்தான். மேடைக்கு வலது பக்கம் மினதி அம்மா கன்னம் உப்ப, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். தாலி கயல் கழுத்தில் ஏறியது. அந்த அம்மாவால் அடக்க முடியவில்லை. நாக்கைச் சுழற்றி ஒன்று போட்டார் பாருங்கள், நாதஸ்வரக்காரர் ஒரு கணம் நிறுத்திவிட்டார். கட்டாக் பொம்பளைகள் மொத்தமும் சேர்ந்துகொண்டார்கள். சுத்தமான குலவை. அவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள், இருக்கட்டும். இடது பக்கத்தில் எங்கள் ஊர் ஜனம் ஒரு நிமிஷம் திகைத்தது. பெண் வீட்டார் தோற்றுப் போவதா? பதிலுக்குக் கிளம்பியது பாருங்கள் மானாமதுரை. மண்டப மேனேஜர் படியேறி ஓடிவந்து, "இன்னா சார், இன்னா ஆச்சி? யாருக்கு இன்னா?" என்று என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினார். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, கல்யாணம்" என்றார்.

மறுநாள் காலையில் இரண்டு அண்டா வைத்தோம், தயிர் கொட்டினது ஒன்று, கொட்டாதது ஒன்று. இரண்டும் காலியாயிற்று. யாருடையது முதலில் காலியானது என்பதில் இன்றுவரை போனில் தகராறு இருக்கிறது. எஸ்தர் டீச்சர் இரண்டிலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்றார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் நானும் மினதியும் ஒரே கட்சியாக நின்று அவரை முறைத்தோம்.

போன வாரம் கல்யாண வீடியோ வந்தது. ஊரில் அண்ணன் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தாலி கட்டுற நேரத்துல நீ எங்கத்தா நிக்கிற?" என்றார். போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் அண்ணி, சித்தி பிள்ளைகள், எங்கள் தெரு ஜனம் மொத்தமும். நடுவில் காதைப் பொத்திக்கொண்டு எஸ்தர் டீச்சரும் குடியிருப்புக்காரர்களும். நான் இரண்டு இடத்திலும் இல்லை. வலது பக்கம், கட்டாக் பொம்பளைகளுக்கு மத்தியில், மினதி தோளைப் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷத்துக்கு முன்னால் ராஜகீழ்ப்பாக்கத்தில் நிறுத்திய இடத்திலிருந்து நாக்கைச் சுழற்றிக்கொண்டிருக்கிறேன். அங்கே எப்போது நடந்து போனேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரி மாதிரி நிக்கிறியே, எங்க ஞாபகமே இல்லையா" என்று அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார். "குலவைச் சத்தம் மொதல்ல அங்கிட்டு இருந்துதாண்ணே வந்துச்சு" என்றேன்.